சாய்ந்த கிளைக்குழாய்க்கு எஸ்.ஐ.எஃப். கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

காவிரி டெல்டாவில் நெல்வயல்களுக்கு நடுவே குழாய்களும் நிறைய ஓடுகின்றன. குத்தாலத்தில் எரிவாயு சேகரிப்பு நிலையம், கோவில்களப்பாலில் எரிவாயு மின்நிலையம், குருங்குளத்தில் சர்க்கரை ஆலை, தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருவாரூர் வரை பாய்லர் வைத்த நவீன அரிசி ஆலைகள். இப்படிப்பட்ட இடங்களில் சில கிளைகள் மெயின் குழாயோடு செங்குத்தாகச் சேராமல் 45 அல்லது 60 டிகிரி சாய்ந்து சேரும். எரித்துவிட வேண்டிய வாயுவைச் சேர்த்துக் கொண்டுபோகும் ஃப்ளேர் ஹெடரில் (மெயின் குழாயில்) இது வழக்கம். ஓட்டம் போகும் திசையிலேயே கிளையும் சாய்ந்து நுழைந்தால் அழுத்த இழப்பு குறையும், ஹெடரின் எதிர்ச்சுவரில் வாயு நேராக மோதாது.

ஓட்டத்துக்கு நல்லதாக இருக்கும் அந்தச் சாய்வு, குழாயின் வலிமையைக் கணக்குப் போடுகிறவருக்குச் சிக்கலைக் கொண்டுவருகிறது. ஸ்ட்ரெஸ் (தகைவு) கணக்கு செய்யும் மென்பொருளில் கிளையின் வகையைத் தேர்ந்தெடுக்கப் போனால், பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் 90 டிகிரி டீக்கள் (T வடிவச் சந்திப்புகள்) தான். சாய்ந்த கிளைக்கு இடமே இருக்காது. பலரும் ‘பேட் இல்லாத டீ’ (பேட் என்பது வலுவுக்காகச் சந்திப்பைச் சுற்றி வெல்ட் செய்யும் தகடு) என்பதைத் தேர்ந்தெடுத்து நகர்ந்துவிடுகிறார்கள். திரையில் எஸ்.ஐ.எஃப். (ஸ்ட்ரெஸ் இன்டென்சிஃபிகேஷன் ஃபேக்டர், தகைவுப் பெருக்கக் காரணி) என்று ஓர் எண் வந்துவிடும், அறிக்கையும் பச்சை நிறத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த எண் வேறொரு உறுப்புக்கு உரியது.

நம் சாய்ந்த கிளைக்கே உரிய எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை எந்த அடிப்படையில் கணக்குக்குள் கொண்டுபோவது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். குழாய் வடிவமைப்பில் இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் உள்ள பொறியாளரை மனதில் வைத்து எழுதுகிறேன். திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறவர்களுக்கும் கடைசிப் பகுதி பயன்படும்.

எஸ்.ஐ.எஃப். என்பது எதை எதோடு ஒப்பிடுகிறது

இது தெளிவாகாமல் மேலே போனால் எல்லாப் படியும் கோணலாகும். அமெரிக்காவின் லூயிவில் நகரில் டியூப் டர்ன்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த மார்க்கல் என்ற பொறியாளர் 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் குழாய் உறுப்புகளை முன்னும் பின்னும் வளைத்து, எத்தனை சைக்கிளில் விரிசல் விட்டு ஒழுகுகிறது என்று சோதித்தார். 4 அங்குல ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் வகை) கார்பன் ஸ்டீல் குழாயில் போட்ட சாதாரண பட் வெல்டை (இரு முனைகளை நேருக்கு நேர் சேர்க்கும் வெல்டை) அவர் அளவுகோலாக வைத்துக்கொண்டார். அதன் மதிப்பு 1. மற்ற உறுப்புகள் அந்த வெல்டை விட எத்தனை மடங்கு பலவீனமோ, அதுதான் அவற்றின் எஸ்.ஐ.எஃப்.

அவர் கண்ட உறவு இது:

எஸ்.ஐ.எஃப். × பெயரளவுத் தகைவு வீச்சு = 1690 ÷ (சைக்கிள் எண்ணிக்கையின் 0.2 அடுக்கு)

தகைவு இங்கே மெகா பாஸ்கலில். வீச்சு என்றால் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் போகும் அளவு மட்டும், இரு பக்கமும் சேர்ந்த முழு வரம்பு அல்ல.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவது, அளவுகோலே ஒரு வெல்ட். வெல்டின் ஓரத்தில் உண்மையான உச்சத் தகைவு ஏற்கெனவே பெயரளவைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே எஸ்.ஐ.எஃப். என்பது கோட்பாட்டு உச்சத் தகைவு விகிதத்தில் சுமார் பாதிதான். இந்தப் பாதியை மறந்தால் விடை இரட்டிப்பாகிவிடும். இரண்டாவது, 0.2 அடுக்கு என்பதால் ஆயுள் தகைவின் ஐந்தாம் அடுக்கில் மாறுகிறது. எஸ்.ஐ.எஃப். மதிப்பில் 20 சதவீதம் பிசகினால் ஆயுளில் 2.5 மடங்கு பிசகும். கிளைக்கு 4 போடுவதா 5 போடுவதா என்பது அற்ப விஷயம் அல்ல.

விதிநூல் எங்கே நிற்கிறது

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. வெளியிடும் ஆலைக் குழாய் விதிநூல் பி31.3. அதன் பின்னிணைப்பு டி-யில் பல காலம் இருந்த சூத்திரங்களைத்தான் நம்மில் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். 2020 பதிப்பில் அந்தப் பின்னிணைப்பு எடுக்கப்பட்டு, பி31ஜே என்ற தனி நூலுக்கு வழி காட்டப்பட்டது. பழையதோ புதியதோ, கிளைகளுக்கான அந்தச் சூத்திரங்கள் கிளை செங்குத்தாக நிற்கும் சோதனைகளையும் கணக்குகளையும் வைத்து வந்தவை.

பட்டியலில் இல்லாத உறுப்புக்கு, பட்டியலில் உள்ள உறுப்புகளின் முக்கிய வடிவ அளவுகளோடு ஒப்பிட்டு மதிப்பு எடுக்கலாம் என்று பி31.3 அனுமதிக்கிறது. ஆனால் அந்த அனுமானம் சரிதானா என்பது வடிவமைப்பாளரின் பொறுப்பு என்றும் அங்கேயே சொல்கிறது. 90 டிகிரி டீயின் எண்ணை எடுத்துப் போட்டவர், தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டவர் ஆகிறார்.

படி 1: சாய்வு தேவையா என்று கேளுங்கள்

பிராசஸ் பொறியாளரிடம் ஒரு கேள்வி போதும்: இந்தக் கிளை ஏன் சாய்ந்திருக்கிறது? ஃப்ளேர், ரிலீஃப் வால்வ் வெளியேற்றம், குழம்பு போகும் குழாய் என்றால் காரணம் இருக்கும். சும்மா இடம் மிச்சம் என்பதற்காகவோ, பழைய வரைபடத்தில் அப்படி இருந்தது என்பதற்காகவோ சாய்த்திருந்தால் 90 டிகிரி டீ போட்டு, கிளையில் ஓர் எல்போ வைத்துத் திருப்பிவிடலாம். அதோடு இந்த வேலை முடிந்தது.

சாய்வு தேவைதான் என்றால் 45-க்குப் பதில் 60 டிகிரி போதுமா என்றும் கேளுங்கள். அதனால் கிடைக்கும் லாபம் படி 3-ல் தெரியும்.

படி 2: அளவுகளைச் சேகரியுங்கள்

மெயின் குழாய், கிளை இரண்டின் வெளிவிட்டம், பெயரளவுச் சுவர்த் தடிமன், கோணம், பேட் உண்டா, அதன் தடிமனும் அகலமும், வெல்டின் வடிவம், பொருளின் தரம். தடிமன் எடுக்கும்போது கவனம்: வெப்ப விரிவால் வரும் தகைவுக்கான கணக்கு பெயரளவுத் தடிமனில் நடக்கும், துரு அனுமதியைக் கழிக்க வேண்டாம். எடை, அழுத்தம் ஆகியவற்றால் வரும் நிலையான தகைவுக்குக் கழிக்க வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மெயின் குழாய் 8 அங்குலம் ஷெட்யூல் 40, வெளிவிட்டம் 219.1 மி.மீ., தடிமன் 8.18 மி.மீ. கிளை 4 அங்குலம் ஷெட்யூல் 40, வெளிவிட்டம் 114.3, தடிமன் 6.02. கோணம் 45 டிகிரி. நேரடியாக வெட்டிச் சேர்த்த கிளை, பேட் இல்லை.

படி 3: அழுத்தத்துக்கான பரப்பை முதலில் முடியுங்கள்

எஸ்.ஐ.எஃப். பார்ப்பதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். பேட் தேவையா இல்லையா என்பது இங்கேதான் முடிவாகும், பேட் வந்தால் எஸ்.ஐ.எஃப். மாறும்.

வாழைத்தண்டைச் சாய்வாக வெட்டினால் வெட்டு முகம் நீள்வட்டமாக வருவதைப் போல, சாய்ந்த கிளைக்காக மெயின் குழாயில் போடும் ஓட்டையும் நீள்வட்டம். நம் உதாரணத்தில் கிளையின் உள்விட்டம் 102.26 மி.மீ. அதை 45 டிகிரியின் சைன் மதிப்பால் வகுத்தால், மெயின் குழாயின் நீளவாக்கில் ஓட்டை 144.6 மி.மீ. ஆகிறது. உள் அழுத்தத்தால் வரும் வளையத் தகைவை எதிர்க்கும் உலோகம் அந்த நீளத்துக்கு இல்லாமல் போகிறது.

பி31.3 கேட்கும் பரப்பு: அழுத்தத்துக்குத் தேவையான தடிமன் × ஓட்டையின் நீளம் × (2 − கோணத்தின் சைன்). 90 டிகிரியோடு ஒப்பிட்டால் 60 டிகிரியில் 1.31 மடங்கு, 45 டிகிரியில் 1.83 மடங்கு பரப்பு தேவை. கோணத்தை 45-லிருந்து 60-க்கு மாற்றினாலே தேவை இவ்வளவு இறங்குகிறது. அதனால்தான் படி 1-ல் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னேன். 45 டிகிரிக்குக் கீழே இந்தப் பரப்பு விதி பொருந்தாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: 90 டிகிரி எண்ணை ஒப்பீட்டுக்காகக் கணக்கிடுங்கள்

இதை விடையாக எடுக்கக் கூடாது. பின்னால் வரும் எண் நம்பத்தக்கதா என்று பார்க்க ஒரு கைப்பிடி வேண்டும், அதற்காக மட்டும்.

பழைய பின்னிணைப்பு டி முறையில், பேட் இல்லாத கிளைக்கு வடிவ எண் = மெயின் குழாயின் தடிமன் ÷ அதன் சராசரி ஆரம். சராசரி ஆரம் 105.46, ஆக 8.18 ÷ 105.46 = 0.0776. தளத்துக்கு வெளியே வளைக்கும் மொமென்ட்டுக்கான (திருப்புவிசைக்கான) எஸ்.ஐ.எஃப். = 0.9 ÷ (வடிவ எண்ணின் மூன்றில் இரண்டு அடுக்கு) = 4.95. தளத்துக்குள் வளைவதற்கு, அதில் முக்கால் பங்கோடு கால் சேர்த்தால் 3.96. தளம் என்பது மெயின் குழாயின் அச்சும் கிளையின் அச்சும் சேர்ந்து கிடக்கும் தளம்.

மெயின் குழாயின் அதே தடிமனில் பேட் போட்டால் வடிவ எண் 2.76 மடங்காகி, வெளித்தள மதிப்பு 2.52-க்கும் உள்தள மதிப்பு 2.14-க்கும் இறங்கும். பேட்டின் பலன் இவ்வளவு என்பதைத் தெரிந்து வைத்திருங்கள்.

ஓர் எச்சரிக்கை அந்தப் பழைய அட்டவணையின் குறிப்பிலேயே இருந்தது: கிளை விட்டம் மெயின் விட்டத்தில் பாதிக்கு மேலும் முழுமைக்குக் கீழும் இருந்தால், வெளித்தள மதிப்பு போதாமல் போகலாம். 90 டிகிரிக்கே இந்த நிலை. சாய்ந்த கிளையில், அதுவும் 8-க்கு 6 என்பதுபோன்ற விகிதங்களில், இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

படி 5: எந்த வழியில் எண்ணை எடுப்பது

நான்கு வழிகள் உண்டு. உற்பத்தியாளர் தரும் மதிப்பு, வெளியான ஆய்வு, உறுப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத் தகைவு காணும் எஃப்.இ.ஏ. கணினிக் கணக்கு, நேரடிச் சோதனை.

ஃபோர்ஜிங் செய்த சாய்வு ஓலெட் (மெயின் குழாயில் வெல்ட் செய்து கிளையைச் சேர்க்கும் ஃபிட்டிங்) வாங்குகிறீர்கள் என்றால் உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். எண்ணோடு, அது சோதனையில் வந்ததா கணக்கில் வந்ததா, எந்தக் குழாயின் பிரிவு மாடுலஸை (குறுக்குவெட்டு வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவை) வைத்து வந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 90 டிகிரி வெல்டோலெட் சூத்திரத்தைச் சாய்வு ஓலெட்டுக்கும் பொருத்திக் கொடுத்தால் ஏற்காதீர்கள்.

வெளியான ஆய்வுகளில், வெல்டிங் ரிசர்ச் கவுன்சிலின் 360-ஆம் புல்லட்டின் சாய்ந்த கிளைகளுக்கென்றே ரோடபாவ் எழுதியது. அதே ஆசிரியரின் 329-ஆம் புல்லட்டின் பொதுவாகக் கிளைகளின் எஸ்.ஐ.எஃப். மதிப்புகள் எவ்வளவு துல்லியம் என்பதைப் பேசுகிறது. உங்கள் அளவு விகிதங்கள் அவை சொல்லும் எல்லைக்குள் விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தால் வேலை பாதியாகிவிடும்.

ஒரு பெரிய ஹெடரில் இருபது முப்பது சாய்ந்த கிளைகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் எஃப்.இ.ஏ. செய்ய நேரம் இருக்காது. அப்போது நான் செய்வது: 90 டிகிரி எண்ணை இரட்டித்து எல்லாக் கிளைக்கும் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். எவை அனுமதி வரம்பை நெருங்குகின்றனவோ, எவற்றின் விட்ட விகிதம் பாதிக்கு மேலோ, அவற்றை முதலில் எஃப்.இ.ஏ.வுக்கு எடுப்பேன். இரட்டிப்பு என்பது எந்த நூலிலும் இல்லை. வேலையை வரிசைப்படுத்த மட்டும்தான் அது உதவும், அறிக்கையில் விடையாகப் போகக் கூடாது.

படி 6: எஃப்.இ.ஏ. மாதிரி

இங்கே நிதானமாகப் போவோம். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றன.

முதலில் செய்ய வேண்டியது சாய்ந்த கிளையின் மாதிரி அல்ல. அதே அளவுகளில் 90 டிகிரி கிளையை மாதிரியாக்குங்கள். அதில் வரும் எஸ்.ஐ.எஃப். பி31ஜே தரும் எண்ணுக்கு அருகே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உங்கள் மெஷ் (துண்டுகளின் வலை), பிடிமானம், தகைவு எடுக்கும் இடம் ஏதோ ஒன்றில் பிசகு. அதைச் சரிசெய்த பிறகே கோணத்தை 75, 60, 45 என்று இறக்குங்கள். எண் கோணத்தோடு ஒழுங்காக நகர வேண்டும். நடுவில் திடீரென்று குதித்தால் அங்கே மெஷ் கெட்டிருக்கும்.

மாதிரியின் நீளம்: மெயின் குழாய் இரு பக்கமும் கிளையும் அவற்றின் விட்டத்தைப் போல் மூன்று நான்கு மடங்காவது இருக்கட்டும். சந்திப்பில் குழாய் நசுங்கி முட்டை வடிவம் எடுக்கும் விளைவு முனைப் பிடிமானத்தால் தடுக்கப்படக் கூடாது.

சுவரை மெல்லிய தளமாக எடுக்கும் ஷெல் எலிமென்ட்டா, முழுத் தடிமனோடு எடுக்கும் சாலிட் எலிமென்ட்டா? 90 டிகிரிக்கு ஷெல் நன்றாகவே வேலை செய்யும். சாய்ந்த கிளையின் குறுங்கோணப் பக்கத்தில், அதாவது கிளையும் மெயினும் நெருங்கிக் கிடக்கும் இடுக்கில், இரண்டு சுவர்களின் உலோகமும் வெல்டும் ஒன்றோடொன்று கலந்து ஒரு தடித்த கட்டியாகிவிடும். நடுத்தளங்கள் மட்டும் சந்திக்கும் ஷெல் மாதிரிக்கு அந்தக் கட்டி தெரியாது. எனவே தேர்வுக்கு ஷெல், இறுதி எண்ணுக்கு வெல்ட் வடிவத்தோடு சாலிட் என்பது என் பரிந்துரை. ஷெல்லையே நம்ப வேண்டிய நிலை வந்தால், தகைவை நடுத்தளங்கள் வெட்டும் கோட்டில் எடுக்காமல் வெல்டின் ஓரம் எங்கே விழுமோ அங்கே எடுங்கள்.

பிடிமானம்: 90 டிகிரி டீயில் மெயின் குழாயின் இரு பக்கமும் சமம். சாய்ந்த கிளையில் சமம் இல்லை. குறுங்கோணப் பக்க முனையைப் பிடித்து ஒருமுறை, விரிகோணப் பக்க முனையைப் பிடித்து ஒருமுறை என்று இரண்டு முறை ஓட்டி, பெரிய மதிப்பை எடுங்கள். பலர் இந்த இரண்டாவது ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

சுமைகள்: கிளையின் முனையில் உள்தளம், வெளித்தளம், முறுக்கு என்று மூன்று மொமென்ட்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. மெயின் குழாயின் திறந்த முனையில் அதேபோல் மூன்று. அழுத்தம் வேண்டாம். குறுங்கோண இடுக்கில் உள் அழுத்தத் தகைவு உண்மையிலேயே அதிகம், ஆனால் அது எஸ்.ஐ.எஃப். கணக்கில் சேராது. அதைத் தனியாகச் சரிபாருங்கள்.

தகைவு எடுப்பது: வெல்ட் ஓரத்தில் சுவரின் தடிமன் வழியாகத் தகைவை நேர்கோட்டாக்கி, மெம்பிரேனும் (தடிமன் முழுவதும் சமமாக இருக்கும் பகுதி) வளைவும் சேர்ந்த மதிப்பை எடுக்க வேண்டும். கூர் முனையில் மெஷ் நுணுக நுணுக ஏறிக்கொண்டே போகும் உச்ச மதிப்பைத் தொடாதீர்கள், அதற்கு முடிவே இல்லை. மெஷ்ஷைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். நேர்கோட்டாக்கிய மதிப்பு 5 சதவீதத்துக்கு மேல் மாறினால் இன்னும் நுணுக்குங்கள். சந்திப்புக் கோடு முழுவதையும் சுற்றி வந்து பெரிய மதிப்பைத் தேடுங்கள், இடுக்கு முனையில்தான் உச்சம் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். வெளித்தள வளைவில் அது பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடும்.

படி 7: தகைவை எஸ்.ஐ.எஃப். ஆக்குவது

அணுமின் நிலையக் குழாய்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. மூன்றாம் பிரிவில் சி2, கே2 என்று இரண்டு குறியீட்டு எண்கள் உண்டு. சி2 என்பது நாம் எடுத்த நேர்கோட்டுத் தகைவைப் பெயரளவுத் தகைவால் வகுத்தது. கே2 என்பது வெல்டின் ஓரத்துக் கூர்மைக்கானது. பட் வெல்டுக்கு 1.8, ஃபில்லெட் வெல்டுக்கு 2 என்று எடுப்பது வழக்கம்.

எஸ்.ஐ.எஃப். = சி2 × கே2 ÷ 2

பட் வெல்டுக்குச் சி2 மதிப்பு 1, கே2 1.8, ஆக 0.9. மார்க்கல் வைத்த 1 என்ற அளவுகோலோடு இது பொருந்துகிறது.

இப்போது நம் உதாரணம். கிளைக்கு 1 கிலோ நியூட்டன் மீட்டர் உள்தள மொமென்ட் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். கிளையின் சராசரி ஆரம் 54.14 மி.மீ., பிரிவு மாடுலஸ் சுமார் 55,400 கன மி.மீ. பெயரளவுத் தகைவு 18.04 மெகா பாஸ்கல். வழிமுறையைக் காட்டுவதற்காக, வெல்ட் ஓரத்தில் 100 மெகா பாஸ்கல் வந்தது என்று கொள்வோம். சி2 = 5.54, கே2 = 1.8, எஸ்.ஐ.எஃப். = 4.99.

படி 8: மாடுலஸ் பொறி

இந்த ஒரு படிக்காகவே இவ்வளவு தூரம் எழுதினேன் என்று சொன்னாலும் தகும். கிடைத்த 4.99-ஐ அப்படியே மென்பொருளில் தட்டினால் என்ன ஆகும்?

பழைய பி31.3 முறையில், அளவு குறையும் கிளையின் தகைவைக் கணக்கிட உண்மையான மாடுலஸைப் பயன்படுத்துவதில்லை. ‘செயல்படு தடிமன்’ என்று ஒன்று உண்டு: மெயின் குழாயின் தடிமன் ஒன்று, கிளைத் தடிமனை உள்தள எஸ்.ஐ.எஃப்.பால் பெருக்கியது இன்னொன்று, இவற்றில் சிறியது. நம் உதாரணத்தில் 8.18-தான் சிறியது. அதை வைத்தால் மாடுலஸ் சுமார் 75,300 ஆகிறது. அதே மொமென்ட்டுக்குப் பெயரளவுத் தகைவு 18.04 இல்லை, 13.28 மட்டுமே.

அந்த அடிப்படையில் ஓடும் நிரலுக்குக் கொடுக்க வேண்டிய எஸ்.ஐ.எஃப். 6.78. நாம் 4.99 கொடுத்தால் தகைவு 1.36 மடங்கு குறைவாகக் காட்டும். ஐந்தாம் அடுக்கில் பார்த்தால் ஆயுளை 4.6 மடங்கு மிகையாக மதிப்பிட்டதாகிவிடும். எஃப்.இ.ஏ. முழுவதும் சரியாகச் செய்திருந்தும், கடைசி நிமிடத்தில் ஒரு கட்டத்தில் தட்டிய எண்ணால் எல்லாம் போய்விடுகிறது.

பி31ஜே முறையில் கிளையின் எஸ்.ஐ.எஃப். கிளைக் குழாயின் சொந்த மாடுலஸோடு சேர்த்தே பயன்படுகிறது, அதனால் அங்கே 4.99 பொருந்தும். உங்கள் மென்பொருளில் எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு ஓடுகிறது என்று பாருங்கள். அமைப்புப் பக்கத்தை மட்டும் நம்பாமல், கிளையில் தெரிந்த மொமென்ட் வரும்படி ஒரு சிறு மாதிரியை ஓட்டி, வரும் தகைவைக் கையால் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். கால் மணி நேர வேலைதான்.

அறிக்கையிலும் எஸ்.ஐ.எஃப். எண்ணுக்குப் பக்கத்தில் மாடுலஸ் எண்ணையும் எழுதுங்கள். மாடுலஸ் இல்லாத எஸ்.ஐ.எஃப். பாதித் தகவல்தான்.

படி 9: மென்பொருளுக்குள்

அதே எஃப்.இ.ஏ. மாதிரியிலிருந்து வளைவு நெகிழ்வையும் எடுத்துக் கொடுங்கள். கிளைச் சந்திப்பை முழு விறைப்பாக வைத்தால் மொமென்ட் உண்மையை விட அதிகமாக வரும், தேவையில்லாமல் விரிவைத் தாங்கும் லூப் (வளையம்) போடச் சொல்லும். உயர்ந்த எஸ்.ஐ.எஃப். மட்டும் கொடுத்து நெகிழ்வைக் கொடுக்காமல் விட்டால் இரட்டைத் தண்டனை. நிலையான தகைவுக்கு, வேறு தரவு இல்லாத இடத்தில் எஸ்.ஐ.எஃப்.பில் முக்கால் பங்கு, ஆனால் 1-க்குக் குறையாமல், என்பது பி31.3 வழக்கம். எந்த எஸ்.ஐ.எஃப்.பும் 1-க்குக் கீழே போகக் கூடாது.

சைக்கிள் எண்ணிக்கையை நம் ஊருக்கு ஏற்பக் கணக்கிடுங்கள். அரிசி ஆலை பாய்லரைத் தினமும் ஒருமுறை ஏற்றி இறக்கினால், ஆண்டுக்கு 300 நாள், 20 ஆண்டு என்று 6000 சைக்கிள். இதுவரை அனுமதித் தகைவின் குறைப்புக் காரணி 1-ஆகவே இருக்கும். நாளைக்கு இரண்டு முறை என்றால் 12,000, காரணி 0.92-க்கு இறங்கும். பாய்லர் நீராவிக் குழாய் என்றால் இந்திய பாய்லர் விதிமுறைகளின் ஒப்புதலும் தனியாக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். சிறிய வெப்ப ஏற்ற இறக்கங்களை ஐந்தாம் அடுக்கில் மாற்றிச் சேருங்கள்: பாதி வரம்புள்ள 32 சைக்கிள் ஒரு முழு சைக்கிளுக்குச் சமம்.

டெல்டாவில் இன்னொன்று உண்டு. இங்குள்ள களிமண் கோடையில் வெடித்துச் சுருங்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். ஆழமில்லாத அஸ்திவாரத்தில் நிற்கும் சப்போர்ட்டுகள் ஆண்டுதோறும் சிறிது ஏறி இறங்கலாம். ஹெடர் ஒரு சப்போர்ட்டிலும் கிளையின் அடுத்த பிடிமானம் வேறொரு சப்போர்ட்டிலும் இருந்தால், அந்த வித்தியாசம் முழுவதும் சாய்ந்த சந்திப்பில் மொமென்ட்டாக வரும். சிவில் பொறியாளரிடம் எதிர்பார்க்கும் அமிழ்வை மி.மீ. கணக்கில் கேட்டு வாங்கி, இடப்பெயர்ச்சிச் சுமையாகக் கொடுங்கள்.

படி 10: சோதனை, தேவைப்பட்டால்

ஒரே மாதிரியான சாய்வுக் கிளையை நூற்றுக்கணக்கில் தயாரிக்கும் பட்டறைக்கு இது லாபம், ஒற்றைக் கிளைக்கு வீண் செலவு. பி31ஜே முறை சுருக்கமாக: மாதிரித் துண்டில் தண்ணீர் நிரப்பி, இடப்பெயர்ச்சியைக் கட்டுப்படுத்தி இரு பக்கமும் சமமாக வளைத்து, சுவர் ஊடுருவி ஒழுகும் வரை சைக்கிள் எண்ண வேண்டும். சுமை–இடப்பெயர்ச்சி வரைகோட்டின் நேரான பகுதியை நீட்டிப் பெயரளவுத் தகைவை எடுப்பார்கள். உதாரணமாக 150 மெகா பாஸ்கல் வீச்சில் 3000 சைக்கிளில் ஒழுகினால், 1690-ஐ 150 × 4.96-ஆல் வகுக்க, எஸ்.ஐ.எஃப். 2.27. நான்கு துண்டுகளாவது சோதித்தால் சராசரியை அப்படியே எடுக்கலாம். ஒன்றே ஒன்று சோதித்தால் 1.2-ஆல் பெருக்க வேண்டும். திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் என்.ஐ.டி.யும் இருப்பதால், வசதி பற்றி விசாரிக்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பட்டறையிலும் சைட்டிலும்

மேலே போட்ட கணக்கெல்லாம் வெல்ட் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 45 டிகிரிக் கிளையின் இடுக்குப் பக்கம் வெல்டரின் கைக்கு எட்டாத இடம். அங்கே ரூட் முழுதாக ஊடுருவ வேண்டும் என்றால் விளிம்பைச் சரித்து வெட்டும் பெவல் கோணத்தைச் சந்திப்பைச் சுற்றி மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரே பெவலில் சுற்றி வெட்டிய கிளையைத் திருப்பி அனுப்புங்கள். இந்த வெல்டை ரேடியோகிராஃபியில் தெளிவாகப் பார்ப்பது கடினம், ஆகவே ரூட் பாஸ் முடிந்ததும் ஒருமுறை, முழுவதும் முடிந்ததும் ஒருமுறை டை பெனிட்ரன்ட் அல்லது காந்தத்தூள் சோதனை கேளுங்கள். வெல்டின் மேற்பரப்பு உள்வளைந்து வழுவழுப்பாக இருந்தால் எஸ்.ஐ.எஃப். உண்மையிலேயே குறைகிறது, எனவே கிரைண்டிங்கை அழகு வேலை என்று நினைக்காதீர்கள்.

பேட் போட்டால் அதில் வீப் ஹோல் (கசிவு தெரிவதற்கான சிறு துளை) விட மறக்கக் கூடாது. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் உப்புக்காற்றில் பேட்டின் ஓரம்தான் முதலில் துருப்பிடிக்கும். சோதனை முடிந்ததும் அந்தத் துளையை கிரீஸ் வைத்து அடையுங்கள், வெல்ட் போட்டு மூடாதீர்கள். பேட்டின் ஓர வெல்டில் குழி விழுந்தால் நாம் கணக்கிட்ட கே2 அங்கே செல்லாது, ஆண்டுப் பராமரிப்பில் அந்த ஓரத்தைப் பார்க்கும்படி பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பொருத்தி முடித்த பிறகு கோணத்தை டிஜிட்டல் புரோட்ராக்டரால் அளந்து எழுதுங்கள். 45 என்று வரைந்தது 47 ஆனால் நமக்கு நல்லதுதான், எஃப்.இ.ஏ. எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 42 என்று வந்தால் அழுத்தப் பரப்பு விதியின் எல்லைக்கு வெளியே போய்விட்டோம். ‘மூன்று டிகிரிதானே’ என்று விடாமல், கிளையை வெட்டி மறுபடி பொருத்தச் சொல்லுங்கள். அதற்கு வழியே இல்லை என்றால், பட்டியலில் இல்லாத உறுப்புக்கு பி31.3 கேட்கும் தனித் தகைவுக் கணக்கையோ சோதனையையோ அந்த 42 டிகிரிக்கே செய்து, எஸ்.ஐ.எஃப்.பையும் புதிதாக எடுத்து, திருத்திய அறிக்கை கையெழுத்தான பிறகே ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு விடுங்கள்.